பட்டாவா, பத்திரமா, பெரியத்தையின் நினைவா? தமிழ்நாட்டில் உழவர் முன்னோரைத் தேட எங்கே தொடங்குவது

கையில் ஒரு பட்டா நகல், இரண்டு நாள் விடுப்பு. தாத்தாவின் அப்பா பெயர் தெரியும். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முதல் நாளை எங்கே செலவிடுவது? தாலுகா அலுவலகத்திலா, சார்பதிவாளர் அலுவலகத்திலா, எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலா, இல்லை ஊரில் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருக்கும் பெரியத்தை வீட்டிலா?

பெரும்பாலோர் தாலுகா அலுவலகத்துக்குத்தான் போகிறார்கள். விவசாயக் குடும்பம் என்றால் நிலம், நிலம் என்றால் பட்டா என்று மனம் போய்விடுகிறது. பட்டா என்பது தீர்வை யார் கட்ட வேண்டும் என்பதற்காக எழுதிய கணக்கு. யாருக்கு யார் என்ன உறவு என்று அந்தக் கணக்குக்குத் தெரிய வேண்டியதில்லை. உறவு எழுத்தில் விழுவதெல்லாம் சொத்தைப் பிரிக்கும்போதும், விற்கும்போதும், கோர்ட்டுக்குப் போகும்போதும்தான். அதனால் நிலம் வைத்திருந்த குடும்பமாக இருந்தால் பட்டாவிலிருந்து சர்வே நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு பத்திரத்தைத் தேடிப் போவது நல்லது. நிலமே இல்லாத குடும்பமாக இருந்தால் வழி வேறு.

ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது, முன்னோர் எந்த வகை உழவர் என்பதை. சொந்தப் பட்டாதாரரா, குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுதவரா, பண்ணையாளா, தினக்கூலியா? “விவசாயக் குடும்பம்” என்ற ஒரே சொல்லுக்குள் இந்த நால்வரும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரைக் காட்டும் பதிவேட்டில் இன்னொருவர் இருக்க மாட்டார்.

பெரியவர்களிடம் எதைக் கேட்பது

பெரியத்தையிடம் போய் “உங்க தாத்தா பேரென்ன, எந்த வருஷம் பொறந்தார்” என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். நிலத்தைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் காட்டுக்கு என்ன பெயர், எந்தக் கிணற்றை யார் வெட்டினார், தண்ணீர் முறை யாருக்கு எத்தனை நாள், எந்த வரப்பில் தகராறு, எந்த வயல் எந்தக் கல்யாணத்துக்காக விலை போனது. பெயர்கள் தாமாக வந்து விழும். பங்காளி வகையறாவை ஆண்கள் சொல்வார்கள். கொண்டவர் கொடுத்தவர் யார், எந்த ஊர்ப் பெண் என்பதைப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரையும் அங்கே வரி கொடுக்கும் மற்றக் குடும்பங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய ஊருக்கு எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு அதுதான் பல குடும்பங்களில் ஒரே தடயம்.

வீட்டில் இருக்கும் தாள்களில் மொய் நோட்டை யாரும் மதிப்பதில்லை. ஒரு கல்யாணத்து மொய் நோட்டில் ஊர் வாரியாக உறவினர் பெயர் அத்தனையும் இருக்கும். மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைக் கொண்டு பாட்டியின் பிறந்த வீட்டைப் பிடித்துவிடலாம். ஜாதகக் கட்டு, கருமாதிப் பத்திரிகை, பழைய தீர்வை ரசீது எல்லாவற்றையும் மடிப்பு நீக்கிப் படம் எடுத்து வையுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். பழைய தாள் அந்தச் சூட்டில் கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது.

வாய்வழிச் செய்தியின் பலவீனம் காலக்கணக்கு. ஆனால் அதிலும் சில நங்கூரங்கள் உண்டு. “தாது வருஷப் பஞ்சத்துல இங்க வந்தவங்க” என்றால் 1876–77. அறுபதாண்டுச் சுற்றில் 1936–37, 1996–97 ஆண்டுகளும் தாதுதான். ஆனால் பஞ்சம் என்ற சொல் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். ஜாதகத்தில் வெறும் “ருத்ரோத்காரி ௵” (௵ என்ற குறி ‘வருஷம்’) என்று இருந்தால் 1863, 1923, 1983 ஆகிய மூன்றில் எது என்று குடும்பத்தின் வயதுக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வருவாய்த் துறைப் பதிவேடு: எண்ணைத் தரும், உறவைத் தராது

இப்போதைய பட்டாவும், கிராமத்து நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் காட்டும் ‘அ’ பதிவேடும் இணையத்திலேயே கிடைக்கின்றன. அங்கிருந்து பின்னோக்கிப் போனால் முதலில் நிற்கும் இடம் யூ.டி.ஆர். எனப்படும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம், 1979 முதல் 1987 வரை நடந்தது. அப்போதுதான் ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர் கணக்காக மாறியது. உட்பிரிவு எண்களும் புதிதாக விழுந்தன. பெயர்ப் பிழைகள் மலிந்த பதிவேடு இது. தகப்பன் பெயர் விடுபட்டிருக்கும், அண்ணன் தம்பி நால்வருக்கும் பொதுவான நிலம் மூத்தவர் பெயரில் மட்டும் ஏறியிருக்கும், பக்கத்துக் காட்டுக்காரர் பெயர் மாறி விழுந்திருக்கும். இதை வைத்து மட்டும் வம்சாவளி எழுதினால் இல்லாத முன்னோரைப் பெற்றுக்கொள்ள நேரிடும்.

அதற்கு முந்தியவை செட்டில்மெண்ட், அதாவது நிலவரித் திட்டப் பதிவேடுகள். உழவரே நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டிய ரயத்வாரிப் பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் நடந்த முதல் செட்டில்மெண்ட்டுக்கானதை ஓ.எஸ்.ஆர். என்றும், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நடந்த மறு செட்டில்மெண்ட்டுக்கானதை ஆர்.எஸ்.ஆர். என்றும் அலுவலகத்தில் சொல்வார்கள். மனு எழுதும்போது வெறுமனே “பழைய ஆவணம்” என்று கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வரும். கிராமம், சர்வே எண், பதிவேட்டின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டுச் சான்றிட்ட நகல் கேளுங்கள். நகல் மனுவில் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. தாலுகாவில் இல்லை என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறைக்குப் போங்கள்.

பழைய சர்வே எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றா என்று பரப்பை வைத்துச் சோதிக்கலாம். ஒரு ஏக்கர் ஏறக்குறைய 0.40.5 ஹெக்டேர், அதாவது 40.5 ஏர். ஆர்.எஸ்.ஆரில் 1 ஏக்கர் 62 சென்ட் என்று இருந்தது இப்போது 0.65.5 என்று இருந்தால் நிலம் உடையாமல் வந்திருக்கிறது. 0.33 என்றால் நடுவே எங்கோ பாதியாகப் பிரிந்திருக்கிறது. அந்தப் பிரிவினைதான் நீங்கள் தேடும் பத்திரம். தஞ்சைப் பக்கம் பழைய தாள்களில் வேலி, மா, குழி வரும்: ஒரு வேலி 20 மா, ஒரு மா 100 குழி, சுமார் 33 சென்ட். ஆண்டு பசலியில், அதாவது வருவாய்த் துறையின் கணக்காண்டில் இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை.

அடங்கலைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். என்ன பயிர், எந்தப் பாசனம், யார் சாகுபடி என்று முன்னோரின் உழவு வாழ்க்கையையே காட்டும் கணக்கு அது, சந்தேகமில்லை. ஆனால் நிரந்தரமாகக் காத்து வைக்கப்படும் கணக்கல்ல. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபோது பல கிராமக் கணக்குகள் அவரவர் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. பழைய கர்ணம் குடும்பம் ஊரில் இருந்தால் ஒரு நடை போய்க் கேட்பதில் தவறில்லை.

பத்திரம்: ஒரே தாளில் மூன்று தலைமுறை

பதிவுத் துறையின் பக்கம் வந்தால் காற்று மாறும். 1864ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே பத்திரப் பதிவு நடக்கிறது. அசையாச் சொத்து ஆவணங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில் பதிவாகும் 3ஆம் புத்தகத்திலிருந்து, எழுதியவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் நகல் தர வேண்டும். வருவாய்த் துறையைப் போலத் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சட்டமே வழிவிடுகிறது.

எந்தப் பத்திரத்தைத் தேடுவது என்பதில் ஒரு வரிசை உண்டு. முதலிடம் பாகப்பிரிவினைக்கு. அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும், இறந்துபோன சகோதரனின் பிள்ளைகளும், மைனராக இருந்தால் கார்டியனான தாயும் ஒரே தாளில் நிற்பார்கள். அடுத்து, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மகள்களிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் வந்ததால், அதுவரை எந்தக் கணக்கிலும் இல்லாத அத்தைகள் தங்கள் கணவர் பெயரோடும் வாழ்க்கைப்பட்ட ஊரோடும் இதில் வெளிப்படுவார்கள். அடமானமும் ஒத்தியும் எண்ணிக்கையில் அதிகம்; அவற்றில் பிள்ளைகள் பெயர் இருக்காது, ஆனால் பஞ்ச காலத்தில் எத்தனை ரூபாய்க்கு, யாரிடம், எதற்காக வாங்கினார் என்று இருக்கும். வாழ்க்கையை அறிய வேண்டும் என்றால் இவைதான் ருசியானவை. கிரயம் கடைசியில்தான். விற்றவரின் தகப்பன் பெயரைத் தாண்டி அதிகம் சொல்லாது. ஆனால் “எங்களுக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு” என்றால் தகப்பன் வழி வந்தது. “சுயார்ஜிதம்” என்றால் அவரே வாங்கியது, அப்படியானால் அதே சர்வே எண்ணில் இன்னொரு பத்திரம் முன்னால் இருக்கிறது.

பத்திரத்தில் பலர் படிக்காமல் தள்ளிவிடும் பகுதி சொத்து விவரம். அதை நிதானமாகப் படியுங்கள். 1920களின் பாகப்பிரிவினை ஒன்றில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “இதற்குச் சக்குபந்தி, கருப்பண்ணன் பாகத்துக்கும் கிழக்கு, ஓடைக்கும் மேற்கு, ௸ ராமசாமி பாகத்துக்கும் வடக்கு, பொன்னுச்சாமி கிரய பூமிக்கும் தெற்கு. இதன் மத்தியில் புஞ்சை ஏக்கர் 2.10. ௸ பூமிக்குப் பாத்தியமான கிணற்றில் 6ல் 1 பாகமும், மாமூல் வண்டித்தடமும்.” சக்குபந்தி என்பது நான்கு எல்லை. ௸ என்ற குறி ‘மேற்படி’. “பாகம்” என்று எழுதியிருக்கும் எல்லைக்காரர்கள் பங்காளிகள். “கிரய பூமி” என்றால் வெளியார் வாங்கியது. ஆக மேற்கிலும் தெற்கிலும் இருப்பவர்கள் உங்கள் ரத்த உறவு, வடக்கே இருப்பவர் அந்நியர். இனிக் கிணறு. சம பங்காகப் பிரிந்திருந்தால், ஆறில் ஒன்று என்பது மூன்று சகோதரர், அவர்களில் ஒருவருக்கு இரண்டு மகன். அல்லது இரண்டு சகோதரர், ஒருவருக்கு மூன்று மகன். எட்டில் ஒன்று என்றால் இரண்டாக, நாலாக, எட்டாக மூன்று முறை பிரிந்திருக்கலாம். நிலத்தை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். கிணற்றுப் பங்கு அவ்வளவு சீக்கிரம் கலைவதில்லை. கிணற்றை வெட்டியவர் வரைக்கும் அந்தப் பின்னம் உங்களைக் கூட்டிப் போகும்.

இவ்வளவு சொன்ன பத்திரத்தைக் கண்டுபிடிப்பதில்தான் கஷ்டம். வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல்தான் கிடைக்கிறது. அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து அட்டவணைப் புத்தகங்களில் கையால் தேட வைக்க வேண்டும். அட்டவணை இரண்டு: 1ஆம் அட்டவணை ஆட்களின் பெயரால், 2ஆம் அட்டவணை கிராமம், சர்வே எண் வாரியாக. இரண்டிலும் தேடச் சொல்லுங்கள். எண் தவறாகப் பதிவான பத்திரம் பெயரில் அகப்படும், பெயர் சிதைந்தது எண்ணில் அகப்படும்.

தேடல் தோற்பதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இவைதான். இன்றைய உட்பிரிவை மட்டும் எழுதிக் கேட்பது முதல் காரணம்: 45/2ஏ என்று கேட்டால் அது 45/2 ஆக இருந்த காலத்தின் பதிவுகள் வராது, தாய் எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டாவது, அலுவலக எல்லை. இன்று ஒரு சார்பதிவகத்தில் இருக்கும் கிராமம் 1930இல் வேறொன்றில் இருந்திருக்கும். மூன்றாவது, ஊர்ப் பெயர். நீங்கள் சொல்லும் ஊர் குக்கிராமமாக இருக்கலாம். கணக்கில் இருப்பது வருவாய்க் கிராமத்தின் பெயர். நான்காவது, பத்திரமே பதிவாகாமல் இருப்பது. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை, வாய்மொழிப் பாகத்துக்கும் பதிவு தேவையில்லை. ஊர்ப் பெரியவர்களை வைத்து எழுதிய கூர்சீட்டு, அதாவது பாகச் சீட்டு இருந்தால் அது அலுவலகத்தில் இராது, யாராவது ஒரு பங்காளியின் பெட்டியில்தான் இருக்கும். பெரும்பாலும் மூத்தவர் வழியில் கேட்டால் கிடைக்கும்.

சண்டை போட்ட குடும்பம் கொடுத்து வைத்தது. பாக வழக்கு ஒன்று நடந்திருந்தால் பிராதில் வம்சாவளிக் கொடியையே வரைந்து கொடுத்திருப்பார்கள், எதிர்த்தரப்பு அதை மறுத்து இன்னொன்று கொடுத்திருக்கும். பிந்திய பத்திரங்களில் “ஓ.எஸ். நம்பர்” என்று வழக்கு எண் வந்தால் கண்ணை அகல விரியுங்கள். வழக்குக் கட்டின் மற்றத் தாள்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருக்கலாம். தீர்ப்பாணை நகலுக்கு அந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனுப் போட்டுப் பார்க்கலாம்.

பிறப்பு இறப்புப் பதிவேடு

சுருக்கமாகச் சொன்னால், தேதியை உறுதி செய்ய உதவும், தேடலைத் தொடங்க உதவாது. பழைய கிராமப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் இருக்காது. ‘ஆண்’ அல்லது ‘பெண்’, தகப்பன் பெயர், தாய் பெயர், அவ்வளவுதான். இறப்புப் பதிவில் வயது தோராயம், காரணம் பெரும்பாலும் ‘காய்ச்சல்’. கிராமத்தின் பழைய புத்தகங்கள் எங்கே போயின என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொண்டு சார்பதிவகத்துக்கோ தாலுகாவுக்கோ போங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் நிலைமையே வேறு. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோரோடு ஞானப் பெற்றோரும் இருப்பார்கள், திருமணப் பதிவேட்டில் இரு வீட்டாரின் ஊரும் இருக்கும். நிலம் இருந்ததா இல்லையா என்ற பேதம் பார்க்காத ஏடு அது. அந்தக் குடும்பங்கள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மேலைநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பெயர் கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்காது. இங்கே தனிநபர் விவரங்கள் வெளியிடப்படுவதில்லை, ஊர் வாரியான எண்ணிக்கை மட்டும்தான். டி.என்.ஏ. சோதனையும் இன்றைய நிலையில் உழவர் முன்னோரின் பெயரையோ ஊரையோ தந்துவிடாது. அந்தப் பணத்துக்கு எத்தனையோ பத்திர நகல் வாங்கலாம்.

நிலம் இல்லாதவர்களை எங்கே தேடுவது

குத்தகைதாரருக்கு நல்ல ஆவணம் 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்கீழ் தயாரான பதிவேடு. சர்வே எண், நில உரிமையாளர், சாகுபடி செய்யும் குத்தகைதாரர் மூன்றும் அதில் உண்டு. உரிமையாளரின் மனத்தாங்கலுக்கு அஞ்சிப் பெயர் பதியாமல் விட்டவர்கள் ஏராளம் என்பதால், பெயர் இல்லாதது குத்தகை இல்லாததற்குச் சாட்சி ஆகாது. கோயில் நிலம், மடத்து நிலம் உழுதவர்கள் என்றால் அந்தக் கோயில் அல்லது மடத்தின் குத்தகைக் கணக்கையும் கேளுங்கள். தகப்பன் இறந்தபின் மகன் பெயருக்குக் குத்தகை மாறியது அதில் தெரியவரும்.

கூலிகளுக்கும் பண்ணையாட்களுக்கும் மூன்று இடம். ஒன்று, குடியிருந்த மனை. 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்த மனையை உரிமையாக்கியது. அந்த உத்தரவிலும் ஊர்க் குடியிருப்பு இடத்துக்கான நத்தம் நிலவரித் திட்டத்தின் தோராயப் பட்டாவிலும் பெயர் முதன்முதலாக அரசுக் கணக்கில் ஏறியிருக்கும். இரண்டு, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்க உத்தரவானது. ஊர்ப் பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் ‘டி.சி.’ (டிப்ரெஸ்டு கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்றோ ‘கண்டிஷன்’ என்றோ இருக்கும் சர்வே எண்களை எடுத்து, அவற்றின் முதல் ஒப்படைதாரர் யார் என்று கேளுங்கள். இன்றைய அனுபவதாரர் வேறு ஆளாக இருந்தால் இந்தக் கேள்வி ஊரில் உரசலைக் கிளப்பும். குடும்ப வரலாற்றுக்காக மட்டும் என்றால் ஊருக்குள் விசாரிக்காமல் மனுவாகவே போடுவது உத்தமம்.

மூன்றாவது இடம் கடலுக்கு அப்பால். ஒப்பந்தக் கூலியாகப் போன கிளை ஒன்று இருந்தால், மிராசுதார் வீட்டுக்குக்கூடக் கிடைக்காத விவரம் உங்களுக்குக் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் போனார்கள், பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை குறித்திருக்கிறது. மொரீஷியஸுக்கு உரியவை மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பிந்தைய ஆண்டுகளில் வந்தவர்களுக்குப் புகைப்படமும் உண்டு. ஃபிஜிக்குத் தமிழர்கள் சென்றது 1903க்குப் பிறகு. ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதனால் ஊரை நேரடியாகத் தேடாமல் தாலுகாவை முதலில் பிடித்து, அதன் கிராமப் பட்டியலை வாய்விட்டுப் படித்து ஒலி பொருந்துவதைப் பாருங்கள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி முறையில், அதாவது தோட்டத்து மேஸ்திரி ஆள் சேர்த்து அழைத்துப் போன முறையில், போனவர்களுக்கு இந்த அளவு விவரமான பட்டியல் இல்லை. இலங்கை என்றால், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களின் குடும்ப அட்டையும் கடவுச்சீட்டும்தான் கைப்பிடி.

எழும்பூருக்கு எப்போது போவது

கடைசியில். அதுவும் சில நிலைமைகளில் மட்டும். ஆவணக் காப்பகத்தில் ஆய்வு செய்ய முன் அனுமதி வேண்டும், தேடுவது பெரும்பாலும் ஆங்கிலக் கோப்புகளில், ஒரு சாதாரணப் பட்டாதாரரின் பெயர் அங்கே விழுந்திருக்க வாய்ப்புக் குறைவு. போகத்தக்கவர்கள் இரு சாரார். இனாம் (கொடையாக வந்த, வரி தள்ளிய அல்லது குறைத்த) நிலம் வைத்திருந்தவர்கள்: 1860களின் இனாம் பதிவேட்டில், ஆதியில் யார் பெற்றார், இப்போது அனுபவிப்பவருக்கு அவர் என்ன உறவு என்று இருக்கிறது. கோயில் ஊழியம், கிராம ஊழியம் செய்த குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அடுத்து, ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் போன்ற ஜமீன் பகுதிக்காரர்கள். அங்கே 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசு செட்டில்மெண்ட் நடந்தது. தாலுகாவில் அதற்கு முந்தைய ஓ.எஸ்.ஆர். கேட்டு அலைவது வீண்.

காப்பகத்தில் மாவட்டத்தைப் பழைய பெயரில் கேட்க வேண்டும். தாராபுரம் இன்று திருப்பூர் மாவட்டம், 2009க்கு முன் ஈரோடு, 1979க்கு முன் கோயம்புத்தூர். ஆங்கிலேயர் காலக் கோப்பு முழுவதும் கோயம்புத்தூரில்தான் இருக்கும். கன்னியாகுமரி, செங்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது. 1956 வரை அவை திருவிதாங்கூர் வழி வந்த நிர்வாகத்தில் இருந்தவை, தண்டப்பேர் என்ற நில உரிமையாளர் கணக்கும் கொல்லம் ஆண்டும் அங்கே வழக்கம். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

ஒரே பெயர், இரண்டு ஆள்

எந்த வழியில் போனாலும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ராமசாமி மகன் கருப்பண்ணன், கருப்பண்ணன் மகன் ராமசாமி என்று பெயர் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி வரும். அது மட்டுமில்லை, மூன்று சகோதரர்களும் தத்தம் மூத்த மகனுக்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். 1905இல் அடமானம் வைத்த ராமசாமியும் 1938இல் விற்ற ராமசாமியும் ஒருவர்தான் என்று எழுதுவதற்கு முன் தகப்பன் பெயர், சக்குபந்தி, கையெழுத்தா கைநாட்டா என்ற மூன்றையும் ஒப்பிடுங்கள். முன்னதில் கையெழுத்துப் போட்டவர் பின்னதில் கைநாட்டு வைத்திருந்தால் பெரும்பாலும் வேறு ஆள். முதுமையில் கை நடுங்கியவராகவும் இருக்கலாம், வயதைக் கணக்குப் போடுங்கள். ‘என்கிற’ என்று இரட்டைப் பெயர் வரும் பத்திரத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். சுவீகாரம் போனவர் ஒரு பத்திரத்தில் பெற்றவரின் மகனாகவும் இன்னொன்றில் வளர்த்தவரின் மகனாகவும் வருவார். இரண்டு மனைவியர் இருந்த வீட்டில் ‘மூத்த தாரம்’, ‘இளைய தாரம்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் கொடியே கோணலாகிவிடும்.

அப்படியானால் அந்த இரண்டு நாள்? சொந்த நிலக்காரர் என்றால் முதல் நாள் காலை பெரியத்தை வீடு, மாலையில் இணையத்தில் ‘அ’ பதிவேடும் 1975 முதல் வில்லங்கமும். மறுநாள் சார்பதிவகத்தில் பழைய காலத்துக்குக் கைத்தேடல் மனு, போகிற வழியில் தாலுகாவில் ஆர்.எஸ்.ஆர். நகல் மனு. குத்தகைக் குடும்பம் என்றால் இரண்டாம் நாள் முழுவதும் தாலுகாவுக்கு. கூலிக் குடும்பம் என்றால் இரண்டு நாளும் ஊரிலேயே, கடல் கடந்து போன கிளை உண்டா என்று கேட்டுக்கொண்டு. நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எந்தத் தாளிலிருந்து வந்தது என்று ஆவண எண், ஆண்டு, பக்கத்தோடு எழுதுங்கள். பதிவேட்டைப் படம் எடுக்க அனுமதித்தால் உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் எடுக்காமல் தலைப்புக் கட்டமும் பக்க எண்ணும் தெரிய முழுப் பக்கத்தை எடுங்கள். ஆறு மாதம் கழித்து மேல்வரிசையில் இருக்கும் பெயர் பங்காளி என்று தெரியவரும்.